தண்டவாளச் சிந்தனைகள்: நியூட்டன் விதியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. எழுதியவர் கட்கியில் வசிக்கும் அன்பர். அவருடைய புதல்வன் நான்காம் வகுப்பு மாணவன். மராத்தியும் ஹிந்தியும் அவன் நாவில் தங்குதடையின்றி ஓடுகின்றன. ஆங்கிலமும் பள்ளியில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றால் மட்டும் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறானாம். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தாலோ, கருவியைத் தந்தை கையில் திணித்துவிட்டு ஓடிவிடுகிறானாம். "அடித்தும் பார்த்தேன், மிட்டாய் வாங்கித் தந்தும் பார்த்தேன், இனி என் செய்வது?" என்று கேட்கிறார்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வேயில் பேனா பிடிக்கும் நாம் மனோதத்துவ நிபுணர் அல்லோம். ஆயினும் பள்ளியில் நெட்டுருப் போட்ட நியூட்டனின் மூன்று விதிகளும், நாள்தோறும் கண்ணெதிரே ஓடும் வண்டிகளும் இவ்விஷயத்தில் சில பாடங்களைப் புகட்டுகின்றன. 1687-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரின்சிபியா' நூலில் அப்பேரறிஞர் உரைத்தவை கல்லுக்கும் கிரகத்துக்கும் உரியவையே. எனினும் அவற்றை உவமையாகக் கொள்வதில் பிழையில்லை அன்றோ?

புறத்திலிருந்து ஒரு விசை தாக்கினாலன்றி, நின்ற பொருள் நின்றபடியே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது முதல் விதி. காலையில் கட்டிலை விட்டு எழாத பையனைச் சோம்பேறி என்கிறோம். மாலையில் கிரிக்கெட்டை விட்டு வராத அதே பையனை அடங்காப்பிடாரி என்கிறோம். பௌதிகத்தில் இவ்விரண்டுக்கும் சடத்துவம் என்ற ஒரே பெயர்தான்.

பழைய சரக்கு வண்டிகளின் இணைப்புகளில் சிறிது தளர்ச்சி இருக்கும். அதனால் எஞ்சின் முதல் வேகனை அசைத்து, அது நகர்ந்தபின் இரண்டாவதை அசைத்து, இவ்வாறே ஒவ்வொன்றாகக் கிளப்பும். நாமோ 247 எழுத்துக்களையும் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் ஏற்ற முயல்கிறோம். முதல் வாரம் அவன் பெயரை மட்டும் எழுதட்டும்; அடுத்த வாரம் பாட்டியின் பெயரை எழுதட்டும்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. வேகம் இருமடங்கானால், அதே பிரேக்கில் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். ஆகவேதான் சிவப்புக்கு முன்னால் மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறார்கள். "இன்னும் பத்து நிமிஷம், பிறகு புத்தகம்" என்று முன்கூட்டியே சொல்வது மஞ்சள் விளக்கு. ஓடி வந்து மட்டையைப் பிடுங்குவதோ, மஞ்சளே காட்டாமல் சிவப்பைக் காட்டுவதாகும்.

இரண்டாம் விதி விசையையும் பாரத்தையும் பற்றியது. ஒரே விசையைச் செலுத்தினால், கனமான பொருள் குறைந்த அளவே வேகம் பெறும். ஆறு நாள் பள்ளியும் டியூஷனும் சுமந்த பிள்ளையை ஏழாம் நாள் இன்னும் பலமாகத் தள்ளுவதைக் காட்டிலும், சுமையில் ஒன்றை இறக்கிவைப்பது மேல்.

விசையின் திசையும் முக்கியம். 1863-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நம் போர் காட் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதனால் பம்பாயிலிருந்து வரும் பல வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னால் பாங்கர் எஞ்சின்கள் பூட்டி, லோணாவளா வரை தள்ளிவிடுகிறார்கள். முன் எஞ்சின் இழுக்கும் திசையிலேயே பின் எஞ்சினும் தள்ளுவதால் வண்டி ஏறுகிறது. வீட்டிலோ தந்தையார் வகுப்புக்கு இழுக்க, "பாவம், இன்று ஒரு நாள் விடுங்களேன்" என்று தாயார் எதிர்த்திசையில் தள்ளுகிறார். இரு விசையும் கழிந்து பூஜ்யமாகிவிட, பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

மழைநாளில் தண்டவாளம் நனைந்தால் எஞ்சினின் சக்கரம் வழுக்கிச் சுற்றும். அப்போது விசையைக் கூட்டினால் வழுக்கலே கூடும். டிரைவர் சக்கரத்துக்கு முன் சிறிது மணலைத் தூவுவார். உராய்வு கிடைத்ததும் வண்டி நகரும். நம் உபதேசங்களும் இவ்வாறே வழுக்குகின்றன. கையால் தொட்டுச் செய்யும் ஒரு பொருள்தான் பிள்ளைக்கு மணல். நம் ஊர்க் கணேஷ்கிண்டில் உள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் சிறுவர் கூடத்தில் பல்லாண்டு பணியாற்றி, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும் கொண்டே பிள்ளைகளுக்கு வடிவ கணிதம் புரியவைத்தார். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது என்பதைப் பிள்ளையின் விரலே கண்டுகொள்ளும். தமிழுக்கும் இம்முறை பொருந்தாதா? பல்லாங்குழியில் சோழியை எண்ணும் பிள்ளை தமிழ் எண்களைத் தானே கற்கிறது.

எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி. இரண்டும் சமமாதலால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு, அவை இரு வேறு பொருள்கள்மீது செயற்படுகின்றன. அடி பிள்ளைமேல் விழுகிறது. அதன் எதிர்விசை அடித்தவர்மேல் விழுகிறது. பிள்ளை நம்மை விட்டு விலகும் தூரமே அது. இவ்விதி நமக்கு நண்பனாகவும் அமையும். நடக்கும்போது கால் நிலத்தைப் பின்னே தள்ள, நிலம் நம்மை முன்னே தள்ளுகிறது. பிள்ளையிடம் தினம் ஒரு மராத்திப் பாடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியராக உட்கார்ந்து மகிழ்ந்த பிள்ளை, மாணவனாகவும் உட்கார இணங்கும்.

உவமைக்கு எல்லை உண்டு. கல்லுக்கு வெட்கம் கிடையாது, பிள்ளைக்கு உண்டு. தொலைபேசியை விட்டு ஓடுவது தமிழின்மேல் உள்ள வெறுப்பாலன்று, தன் கொச்சையைக் கேட்டு யாரேனும் சிரிப்பார்களோ என்ற அச்சத்தாலும் இருக்கலாம். ஆகவே பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தல் நலம்: "அம்மா, அவன் தப்பாகப் பேசினாலும் சிரிக்காதீர்கள்." கல், ஏன் என்று கேட்பதில்லை, பிள்ளை கேட்கும். அதற்கு மதிப்பெண்ணையோ பெருமையையோ விடையாகச் சொல்ல வேண்டுவதில்லை. பாட்டிக்கு வேறு பாஷை தெரியாது என்ற ஒரு காரணம் போதும். அந்த மூதாட்டி சொல்ல வேண்டிய கதைகள் எத்தனையோ இருக்க, கேட்கும் காலமோ நம் கையில் இல்லை.

அன்பர்கள் தத்தம் இல்லங்களில் செய்து பார்த்த பரிசோதனைகளை நமக்கு எழுதுவார்களாக. பயன் தந்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.