பாயைச் சுருக்கும் பக்குவம்

வாழ்க்கையைக் கடலாகவும், இறைவன் திருவடியை அதனைக் கடப்பிக்கும் தோணியாகவும் கண்டது தமிழ்ச் சமய மரபு. அவ்வுவமையின் ஆழத்தை உணர வேண்டுமாயின், பலத்த காற்றில் சிறு மரக்கலம் செலுத்தும் கடலோர மக்களின் தொழிலறிவைச் சற்று அருகிருந்து காண வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது மரக்காணம். சங்க காலத்தில் ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவனது கிடங்கில் கோட்டை இன்றைய திண்டிவனத்தில் இருந்தது. மரக்காணத்தில் உப்பளங்களும், மீனவர் குப்பங்களும், சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீசுவரர் திருக்கோயிலும் உள்ளன.

இயந்திரப் படகுகள் பெருகுவதற்கு முன்பு இக்கரையோரத்தை ஆண்டது கட்டுமரம். கனமற்ற மரங்களைக் கயிற்றால் பிணைத்த எளிய கலம் அது. மேலே ஏறும் அலைநீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடுவதால் அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து வீசும் காற்று அதனைக் கடலுக்குள் கொண்டு செல்லும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று கரை சேர்க்கும்.

காற்று வலுக்கும்போது மூன்று செயல்கள் உயிரைக் காக்கும். முதலாவது, பாயைச் சுருக்குதல். விரித்த பாய் முழுவதும் காற்றை ஏற்றால் சிறு கலம் கவிழும். இரண்டாவது, பாயின் கயிற்றை முடிச்சிட்டுக் கட்டிவிடாமல் கையிலேயே வைத்திருத்தல். திடீரெனக் காற்று மோதும்போது கயிற்றை நெகிழ்த்தினால் பாயின் சுமை உடனே குறையும். மூன்றாவது, காற்று வரும் பக்கமாக உடலைச் சாய்த்துக் கலத்தைச் சமன் செய்து, பேரலை வரும்போது விலாவைக் காட்டாமல் அணியத்தை, அதாவது கலத்தின் முன்பக்கத்தை, அதன் முன் நிறுத்துதல்.

இவற்றோடு ஒரு நுட்பமும் உண்டு. அச்சத்தால் பாயை முழுவதும் இறக்கிவிட்டு வாளாவிருந்தால், ஓட்டம் இழந்த கலம் சுக்கானுக்கும் துடுப்புக்கும் அடங்காது. அலைக்குக் குறுக்கே திரும்பி ஆபத்தில் சிக்கும். ஆகவே பாயைச் சுருக்க வேண்டும். ஆனால், திசை பிடிக்கும் அளவுக்குச் சிறிதேனும் காற்றை ஏற்க வேண்டும்.

புறப்படாதிருக்க அறிவதும் இத்தொழிலின் ஓர் அங்கமே. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாளில் கலத்தைக் கரையேற்றி வைப்பதே வீரம்.

ஆயினும், புறப்பட்டே தீர வேண்டிய வேளைகளும் உண்டு. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரைப் பாடிப் பரவிய திருஞானசம்பந்தர், சோழநாட்டில் திருக்கொள்ளம்பூதூர் இறைவனைத் தரிசிக்கச் சென்றார். ஆற்றில் பெருவெள்ளம், ஓடக்காரர்கள் ஓடத்தைக் கரையில் கட்டிவிட்டுச் சென்றிருந்தனர். பிள்ளையார் கரையில் அமர்ந்து வெள்ளம் வடியக் காத்திருக்கவில்லை. ஓடத்தின் கட்டை அவிழ்த்து, அடியார்களை ஏற்றி, தாமும் ஏறி, வெள்ளத்தின் நடுவே பதிகம் பாடினார். துடுப்புப் போட ஆளில்லாத அவ்வோடத்துக்கு அவரது நாவே கோலாயிற்று என்பது பெரியபுராணம் காட்டும் காட்சி. ஓடம் அக்கரை சேர்ந்தது. திருவாரூர் மாவட்டத்திலுள்ள அத்தலத்தில் வில்வவனேசுவரர் சந்நிதியில் ஐப்பசி மாதந்தோறும் ஓடத்திருவிழா நடைபெறுகிறது.

கட்டை அவிழ்த்தது மனித முயற்சி. ஓடத்தைச் செலுத்தியது திருவருள். முதலாவது இல்லாமல் இரண்டாவதை வேண்டி நிற்பது சோம்பல். இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் நம்புவது செருக்கு.

முதுமையும் பலத்த காற்றே. அமாவாசைதோறும் மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சென்று வந்த கால்கள் வாசற்படி இறங்கத் தயங்குகின்றன. மயிலம் மலைப்படிகளை ஓடி ஏறியவர் அடிவாரத்தில் நின்று கோபுரத்தை நோக்கிக் கைகூப்புகிறார். வாழ்நாளெல்லாம் உடனிருந்தவர் மறைந்துவிட, விளக்கேற்றும் வேளையில் வீடே வெறிச்சோடுகிறது. ‘இனி என்னால் என்ன ஆகும்’ என்று எல்லாவற்றையும் விட்டுவிட மனம் துணிவது அப்போதுதான். பாயை முழுவதும் இறக்கிவிடும் ஆபத்தான கணம் அது.

அத்தகையோருக்குக் கட்டுமரம் காட்டும் வழி எளியது. நூற்றெட்டு வலம் வந்தவருக்கு ஒரு வலம் போதும். அதுவும் இயலாதபோது இருந்த இடத்திலிருந்து ஒரு திருநாமம் போதும். பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கையில் கயிறு சற்று நெகிழட்டும். கையை விட்டு நழுவ வேண்டியதில்லை. துன்பம் பேரலையாய் எழும்போது அதற்குப் புறம் காட்டாமல், இறைவன் பெயரை அணியமாக்கி எதிர்கொள்ளலாம்.

சுருங்கிய பாயிலும் காற்று நிற்கும். சிறு வழிபாட்டையும் ஏற்று, ஓடத்தைக் கரை சேர்ப்பவன் அவன்.