பழசுக்கும் ஒரு வழி விடுங்கள்!

வீட்டுக்குப் புது மொபைல் வந்ததும் சில அண்ணன்மார் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா, தம்பி தங்கைகளே? வை-பை ரூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, 'மிக்ஸ்டு' என்று இருப்பதை மாற்றி, புதிய முறை மட்டும் போதும் என்று வைத்து விடுவார்கள். "அப்பத்தான் நெட் பறக்கும்" என்பார்கள். மறு நிமிடம், பாட்டியின் பழைய போனிலும், அக்கா பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலும் நெட் போய்விடலாம். இப்படிச் செய்வது நியாயமில்லை என்பது என் கட்சி.

அண்ணன் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. வை-பை ஒரே நாளில் வந்ததல்ல. 1999ல் வந்த 'பி' முறையின் உச்ச வேகம் விநாடிக்கு 11 மெகாபிட். 2003ல் வந்த 'ஜி' முறைக்கு 54. 2009ல் 'என்', 2013ல் 'ஏசி', பிறகு 'ஏஎக்ஸ்'. இந்த எழுத்துக் குழப்பம் தாங்காமல்தான் 2018ல் வை-பை 4, 5, 6 என்று எண்களால் அழைக்கத் தொடங்கினார்கள்.

ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வகுப்பில் ஒருவர் வாசித்து முடித்த பிறகு அடுத்தவர் வாசிப்பதைப் போல. 'ஜி' கருவி ஒரு பக்கம் வாசிக்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரம் 'பி' கருவிக்கு வேண்டும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அது மட்டுமா? 'பி' கருவிக்கு 'ஜி'யின் பேச்சே புரியாது. அதனால், "இப்போது நான் பேசப் போகிறேன்" என்று 'ஜி' முதலில் பழைய பாஷையில் அறிவித்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கும். அதற்கும் நேரம் போகும்.

அதற்காகப் பழசை வெளியே தள்ள வேண்டுமா என்ன? தைப்பூச சமயத்தில் திண்டுக்கல் - பழனி சாலையைப் பார்த்திருப்பீர்கள். பஸ்களும் போகின்றன, பாதயாத்திரை பக்தர்களும் போகிறார்கள். "நடப்பவர்கள் வரவே கூடாது" என்று யாரும் சொல்வதில்லை. பல இடங்களில் அவர்களுக்கு ஓரமாகத் தனி நடைபாதை இருக்கிறது.

இப்போது வரும் ரூட்டர்கள் பலவற்றிலும் இப்படி இரண்டு பாதைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் இன்னொன்று. பழைய கருவிகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். சுவரைத் தாண்டிப் போவதிலும் 2.4தான் கெட்டி. 5ல் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. ஆகவே 2.4ஐ மிக்ஸ்டு முறையிலேயே விட்டுவிட்டு, புது போனையும் டி.வி.யையும் 5க்கு மாற்றலாம். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் குழப்பம் வராது. வீட்டில் 'பி' கருவி ஒன்றுகூட இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு முறையை மட்டும் அணைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை மாற்றினாலும் அப்பா, அம்மாவிடம் கேட்டு, முன்பு இருந்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மாற்றுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் பழசுக்கு இரக்கம் காட்டக் கூடாது. அது பூட்டு! பூட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. வை-பைக்கும் பூட்டு உண்டு. 'வெப்' என்ற முதல் பூட்டை எளிதில் உடைக்கலாம் என்று 2001லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். 2004ல் 'டபிள்யூ.பி.ஏ. 2' வந்தது, 2018ல் 'டபிள்யூ.பி.ஏ. 3'. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது, அது போதும். 'வெப்' மட்டுமே தெரிந்த கருவி ஒன்று வீட்டில் இருந்தால், அதற்காக வீட்டுப் பூட்டையே கழற்றாதீர்கள். அது நெட் இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கட்டும்.