பேசாதே என்கிறது பலகை!

மேலூர்ச் சாலையில் ஒரு தேநீர்க் கடை. சுவரில் ஒரு பலகை: "இங்கு அரசியல் பேசக் கூடாது." அதற்குக் கீழே, சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்ட இன்னொரு பலகை: "இன்று முதல் தேநீர் விலை உயர்வு." இரண்டையும் எழுதியது ஒரே கை! இரண்டையும் படித்தது ஒரே கண்! கீழ்ப்பலகையை எழுத வைத்தது எதுவோ, அதைப் பற்றித்தான் பேசாதே என்கிறது மேற்பலகை. எழுதியவரும் இதனை எண்ணிப் பார்த்தாரில்லை. படித்தவரும் எண்ணிப் பார்த்தாரில்லை.

பாலுக்கு விலை வைப்பது யார்? அடுப்பில் எரியும் எரிவாயு உருளையின் விலையை மாதந்தோறும் மாற்றி எழுதுவது யார்? சர்க்கரைக்கு வரி போட்ட கை எது? குவளையில் ஊற்றும்போதே கலந்துவிடுகிறது அரசியல், தோழர்களே! குடிக்கலாமாம், கூறலாகாதாம். நாக்குச் சுடலாமாம், நாக்கு அசையலாகாதாம்!

பேச்சுக்குப் பூட்டுப் போட நினைத்தவர்களில் நம் கடைக்காரர் முதல்வரல்லர். மணிமுடி தரித்தவனே முயன்று பார்த்த வேலை அது. 1675 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் ஆணை பிறப்பித்தான், நாட்டிலுள்ள காப்பிக் கடைகளை மூடிவிடுக என்று. காப்பி கசந்தது என்பதாலா? அன்று! காப்பியோடு அங்கே பரிமாறப்பட்ட பேச்சுக் கசந்தது கொற்றவனுக்கு. தந்தையின் தலை 1649 இல் கோடரிக்கு இரையானதை மறவாதவன் அவன். படையுண்டு, சிறையுண்டு, தூக்குமரமும் உண்டு அவனிடம். எதிரே இருந்ததோ குவளை ஏந்திய குடிமகன். வென்றது யார்? ஆணை நடைமுறைக்கு வருமுன்னரே, 1676 சனவரி 8 ஆம் நாள், அதைத் திரும்பப் பெற்றான் மன்னன்!

மாமன்னன் தோற்ற வேலையை மதுரை மண்ணிலா செய்து பார்ப்பது? அரசவையில் நின்று, சிலம்பைச் சான்றாகக் காட்டி, ஆள்வோன்மீதே வழக்குரைத்தாள் ஒருத்தி என்கிறது சிலப்பதிகாரம். பாட்டில் பிழையெனில் பரமனாயினும் பிழையே என வாதிட்டார் நக்கீரர் என்கிறது பழங்கதை. காப்பியமாயினும் சரி, கதையாயினும் சரி, கேள்வி கேட்டவரைக் கொண்டாடிய ஊர் இது.

"பழங்கதை போதும், கண்முன் நடந்ததைக் கூறுக" என்பீர். கூறுகிறேன்.

2024 நவம்பர். மேலூர் வட்டாரத்துக்கு இடியென வந்தது ஒரு செய்தி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, ஏறத்தாழ 5,000 ஏக்கர், ஏலம் விடப்பட்டுவிட்டது! முதன்மைக் கனிமங்களை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசின் கைக்கு மாற்றிச் சட்டத் திருத்தம் வந்தது 2023 இல். அன்று அதைப் பற்றி எத்தனை தேநீர்க் கடைகளில் பேசினோம்? பேசவில்லை. சட்டம் தில்லியில், சுரங்கம் அரிட்டாபட்டியில்! பேசாதிருந்த ஓராண்டுக்குக் கேட்கப்பட்ட விலை 5,000 ஏக்கர்!

அரிட்டாபட்டி எத்தகைய ஊர்? 2022 இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கை, ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழிக் கல்வெட்டு, குன்றைக் குடைந்தெடுத்த கோயில், குன்றின் மடியில் ஏரிகள், சுனைகள் என யாவும் உள்ள ஊர்.

மக்கள் என்ன செய்தனர்? பேசினர், தோழர்களே, பேசினர்! டங்ஸ்டன் என்பது எதற்கு? தோண்டினால் கண்மாய் என்னாகும்? சட்டத்தைத் திருத்தியவர் எவர்? ஏலத்தை விலக்கும் அதிகாரம் எவரிடம்? கனிமச் சட்டம் பேச்சாயிற்று. கல்வெட்டின் வரலாறும் பேச்சாயிற்று. அந்தப் பேச்சுக் கிராமசபையில் தீர்மானமாயிற்று. 2024 டிசம்பர் 9 இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 சனவரி 7 இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் நோக்கித் திரண்டது மக்கள் வெள்ளம். சனவரி 23 ஆம் நாள் ஏலத்தை ரத்து செய்தது ஒன்றிய அரசு. குன்று இன்றும் நிற்கிறது. அதைத் தாங்கி நிற்பது பாறை மட்டுமல்ல, பேச்சு!

ஆயினும் கடைக்காரர் தரப்பையும் கேட்க வேண்டாமா? "பேச்சு முற்றினால் உடைவது என் குவளை. ஒரு தேநீருக்கு இரண்டு மணி நேரம் போவது என் பெஞ்சு" என்கிறார் அவர். உண்மை! குவளையை உடைத்தவர் யார்? மாற்றார் மட்டுமா? நம்மவரும் உண்டு, மறைக்க மாட்டேன். தலைவர் பெயரைச் சொல்லிக் கை ஓங்குவதா அரசியல்? எதிர்க்கட்சிக்காரனின் அன்னையைப் பழிப்பதா கொள்கை விளக்கம்? கைப்பேசியில் வந்த பொய்யை ஊன்றிப் படிக்காமல் ஊருக்கெல்லாம் அனுப்புவதா பரப்புரை? அந்தப் பலகைக்குச் சுண்ணாம்புக் கட்டி எடுத்துக் கொடுத்தவர்களில் நாமும் அடக்கம்!

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். எனக்குப் பாடம் சொன்னது எங்கள் தெருப் படிப்பகம். ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார், பத்துப்பேர் கேட்போம். மாற்றுக் கட்சியைச் சேர்ந்த முதியவர் ஒருவர், நான் வாய் திறந்ததும், "ஆண்டைச் சொல் தம்பி, ஆதாரம் சொல்" என்பார். சொல்ல இயலாது தலைகுனிந்து திரும்பிய இரவுகளில்தான் நூல்களைத் தேடினேன். பின்னாளில் மேடையில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது, அவர் தந்த அந்த வெட்கம். என் நாடகங்களில் எதிரிக்கும் நல்ல வசனம் எழுதக் கற்றதும் அவரிடந்தான். இன்று அந்தப் படிப்பகத்தின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. வாயிலில் கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது, கேட்பாரின்றி.

கொடியேற்ற வந்தோம், கதவைத் திறந்தோமா? சுவரொட்டி ஒட்டினோம், ஏடு வாங்கிப் போட்டோமா? வாழ்க என்றோம், ஒழிக என்றோம், ஏன் என்று கேட்டோமா?

ஆகவே கூறுகிறேன். இந்த ஞாயிறு மாலையே படிப்பகத்தின் பூட்டைத் திறமின்! ஒருவர் படிக்கட்டும், பத்துப்பேர் கேட்கட்டும். மாற்றுக் கட்சிக்காரரையும் அழைமின். அவருக்கு முதல் இருக்கை தருமின். ஆண்டோடு பேசுமின், ஆதாரத்தோடு பேசுமின். தவறெனில் தவறென ஒப்புமின். தேநீர்க் கடையில் அமர்ந்து பேசுவீராயின், இரண்டாவது தேநீருக்கும் காசு கொடுத்துப் பேசுமின்!

பலகையைப் பிய்த்தெறிய வேண்டா. பிய்த்தெறிந்தால் நாளை பெரிய பலகை வரும். நம் பேச்சைக் கேட்பதற்கென்றே நாலுபேர் கூடுதலாக வந்து அமரும் நாளில், கடைக்காரரே அதைக் கழற்றுவார். கழற்றிய கையோடு கீழ்ப்பலகையையும் சுட்டிக் காட்டி அவரே கேட்பார்: "அது சரி, இந்த விலை ஏன் ஏறிற்று? கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்."

அன்று அவருக்கு விடை சொல்ல ஆயத்தமாயிருக்கிறோமா?