தோற்றுப் போன பெட்டி

போன வெள்ளிக்கிழமை பரணை ஒழிக்கும்போது, பழைய புடவையில் சுற்றிய மூட்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால், எங்கள் டிரீம்காஸ்ட்! "இதை இன்னுமா வெச்சிருக்கே? பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கோ தூக்கிப் போட மனசு வரவில்லை. காரணத்தை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

2001-ல் நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருந்தோம். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் கொடுத்த விசாவில் நான் வேலைக்குப் போகக் கூடாது. மடியில் ஆறு மாதக் குழந்தை, ஜன்னலுக்கு வெளியே பனி. காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம் வரை பேச ஒரு ஆள் கிடையாது.

அந்தக் குளிரில்தான் இந்தப் பெட்டி வந்தது. டி.வி.யில் மாட்டி வீடியோ கேம் ஆடுவதற்கு. ஜப்பானின் சேகா கம்பெனி 1998 நவம்பரில் தன் நாட்டிலும், 1999 செப்டம்பர் 9-ல் அமெரிக்காவிலும் வெளியிட்டது. விலை 199 டாலர். டெலிபோன் ஒயரைச் சொருகி வெளியூர்க்காரரோடு ஆட மோடம்கூட உள்ளேயே உண்டு. ஆனால் சோனியின் பிளேஸ்டேஷன் 2-ல் டி.வி.டி. படமும் பார்க்கலாம் என்றதும் ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 2001 ஜனவரி 31-ல் சேகா, "தயாரிப்பை நிறுத்துகிறோம்" என்று அறிவித்து, விலையை 99 டாலருக்கு இறக்கியது. அதனால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாயிற்று! விற்றது சுமார் 91 லட்சம் பெட்டி; சோனியுடையதோ 15 கோடிக்கு மேல்.

அதில் 'ஸீமேன்' என்று ஒரு ஆட்டம். மனுஷ முகம் வைத்த மீனைத் தொட்டியில் வளர்க்க வேண்டும். தினமும் தண்ணீர்ச் சூடு பார்த்து, இரை போடாவிட்டால் செத்துப் போகும். மைக்கில் பேசினால் பதில் சொல்லும். என் பிளஸ் டூ இங்கிலீஷ் அதற்குப் பாதிதான் புரிந்தது. இருந்தாலும், பகலில் என்னிடம் வாயைத் திறந்து பேசியது அது ஒன்றுதானே!

இன்னொன்று 'ஷென்மூ'. 1986-ல் யோகோசுகா என்ற ஜப்பானிய ஊரில் நடக்கும் கதை. அப்பாவைக் கண்ணெதிரே பறிகொடுத்த பையன், கொன்றவனைத் தேடுகிறான். நடுவே, தாயில்லாத பூனைக்குட்டிக்குச் சாப்பாடு வைக்கலாம். இருட்டினால் வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இனே-சான் என்ற அம்மாள் அவனுக்குக் கைச்செலவுக்குக் காசு வைத்துவிட்டுப் போவாள். நம்ம வீட்டுப் பாட்டி மாதிரி!

அந்த வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சரிந்தன. ஆடி மாதம் இவருக்கும் வேலை போனது. மூன்று வாரம் வீட்டில் பேச்சே இல்லை. ஒருநாள் ராத்திரி, நான் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கதையில் பையனுக்குத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. "பரவாயில்லையே, இவனுக்காவது கிடைச்சுதே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் அழுதோம். மறுநாள்தான் ஊருக்குத் திரும்புவதைப் பற்றி முதல் தடவையாக மனசு விட்டுப் பேசினோம்.

ஊரில், "தோத்துட்டு வந்துட்டாங்க" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! முடியாமல் நின்ற 'ஷென்மூ' கதைக்காக, அதை மறக்காதவர்கள் 2015-ல் 63 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2019-ல் மூன்றாம் பாகம் வந்தது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பெட்டியின் மெமரி கார்டில் காசு மாதிரி இரண்டு வட்ட பேட்டரி உண்டு. தவழ்கிற வயசில் என் பையன் ஒன்றை வாயருகே கொண்டு போய்விட்டான், நல்லவேளை, பிடுங்கினேன். இப்படிப்பட்ட பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய சாமான்களை எடுத்து வைக்கும்போது முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

நானும் கழற்றிவிட்டு, பெட்டியைத் துடைத்து மறுபடி பரணில் வைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? அவரேதான்!