வெங்காயமும் இல்லை, தாமரையும் இல்லை!

போன வாரம் ஊருக்குப் போகும்போது ஏரிக்கரையில் பஸ் நின்றது. ஏரி முழுக்க ஊதாப் பூ! ஜன்னலோரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பத்தே நிமிஷத்தில் சித்தப்பா போன். "ஏம் பாப்பா, அந்தச் சனியனால ஏரியில வலை வீச முடியல. நீ அதைப் படம் புடிச்சு ரசிக்கிற?"

அது வெங்காயத்தாமரை. ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறோம். ஆனால், நிஜ ஆகாயத்தாமரை சேம்புக் குடும்பத்துச் செடி. இது பொன்டெடிரியேசி குடும்பம். இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், உள்ளே பஞ்சு போலக் காற்றறைகள். அதனால்தான் மிதக்கிறது. நெல் வயலில் நீலமாகப் பூக்கும் கருங்குவளையும் இதே குடும்பம்தான். அதுவும் களைதான் என்றாலும், சேற்றில் வேரூன்றி நிற்கும். ஏரியை மூடாது.

வெங்காயத்தாமரையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே இதைத் தின்று மட்டுப்படுத்தப் பூச்சிகள் உண்டு. இங்கே பூவுக்காகக் கொண்டுவந்தவர்கள் பூச்சிகளைக் கொண்டுவரவில்லை! ஒரு செடி பக்கவாட்டில் தண்டு விட்டுக் குட்டி போடும். சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் இரு மடங்கு. தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது, ஆக்சிஜன் குறையும், மீன் சாகும்.

வங்காளத்தில் ஆறுகளை அடைத்துப் படகையும் நெல்லையும் முடக்கியதால், 1936-ல் இதை ஒழிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். அமெரிக்காவில் இன்னும் தமாஷ். இதைத் தின்னட்டும், இறைச்சிக்கும் ஆச்சு என்று நீர்யானைகளை இறக்குமதி செய்ய 1910-ல் மசோதாவே கொண்டுவந்தார்கள். நல்லவேளை, நிறைவேறவில்லை.

நம் நாட்டில் 1980-களில் இதைத் தின்னும் கூன்வண்டுகளை வரவழைத்து பெங்களூரில் விட்டார்கள். சில ஏரிகளில் பலன் கிடைத்தது. சாக்கடை கலக்கும் ஏரிகளில் கஷ்டம். கழிவில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிக்கு உரம். வண்டு தின்னும் வேகத்தைவிட அது வளரும் வேகம் அதிகம். போதாததற்கு, விதை சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

சித்தப்பா ஊரில் போன வருஷம் பொக்லைன் விட்டு வாரிக் கரையில் கொட்டினார்களாம். பொங்கலுக்குள் திரும்ப ஏரி பச்சை. "தெருச் சாக்கடை வாய்க்கால் ஏரியில விழுறதை யாராச்சும் திருப்பி விட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எங்க பாப்பா ஃபண்டு?" என்றார்.

ஸ்டேட்டஸை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே அந்த வாய்க்கால் போட்டோவையும் போட்டிருக்கிறேன். சித்தப்பாதான் எடுத்து அனுப்பினார்.