அவளும் ஆபரேஷன் ஆனவள்தான்!



குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ஆணா, பெண்ணா?' அடுத்த கேள்வி, 'நார்மலா, ஆபரேஷனா?' ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் போதும், 'கொடுத்து வச்சவ, வலி தெரியாம பெத்துட்டே!' என்று யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். படுத்திருப்பவள் சிரிக்கக்கூட மாட்டாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்பது அவளுக்குத்தானே தெரியும்?

நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. எனக்கு இரண்டு குழந்தைகளுமே சிசேரியன்தான். அதனால் பட்டறிந்ததை எழுதுகிறேன்.

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 100க்கு 60-ஐத் தாண்டுகிறது. இத்தனை தேவையா என்பது வேறு விவாதம். என் கேள்வி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவளை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான்.

தோல், கொழுப்பு, தசை மேல் உள்ள உறை, வயிற்றின் உள் சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறந்து குழந்தையை எடுத்து, மறுபடி தைத்து மூடுகிறார்கள். வெளியே காயம் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே ஆறுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். வெளியே காய்ந்ததைப் பார்த்துவிட்டு, 'எல்லாம் சரியாப் போச்சே, எழுந்து வேலையைப் பாரு' என்கிறோம். தப்பு நடப்பது இங்கேதான்.

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். என் கொழுந்தனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. 'வயித்துல கத்தி வச்ச உடம்பு' என்று மூன்று மாதம் அவரை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை என் மாமியார். நல்லதுதான், அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், அதே வருஷம் எனக்கு இரண்டாவது சிசேரியன் ஆனபோது, பன்னிரண்டாம் நாளே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தேன். அம்மா இறந்துவிட்டதால் போக எனக்குத் தாய் வீடு இல்லை. நாலாம் நாள் தையலில் நீர் கோத்துப் பிரிந்துவிட்டது. இரண்டு வாரம் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கட்டு மாற்றப் போய் வந்தோம்.

மாமியார் கெட்டவர் இல்லை. நாலு பிள்ளையையும் சுகப்பிரசவமாகப் பெற்று, சீக்கிரமே அடுப்படிக்கு வந்தவர். அவர் கண்ணுக்கு நான் பிள்ளை பெற்றவள். கொழுந்தனார்தான் ஆபரேஷன் ஆனவர். நான் இரண்டும்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கட்டு போட்ட நர்ஸம்மா எடுத்துச் சொன்ன பிறகு, குடத்தை அவரே வாங்கிக்கொண்டார்.

இந்த வித்தியாசம் சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. 2011ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் தாய்க்கு இலவச உணவு சுகப்பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் வரை. அந்தக் கணக்கை வீட்டில் நாம் மறந்துவிடுகிறோம்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும்' என்று தாகத்தில் வாட விடுகிறார்கள். சீழ் பிடிப்பது கிருமியால், குடிக்கிற தண்ணீரால் இல்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் தையல் இடத்தில் உயிரே போகும். பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தாராளமாகக் கொடுங்கள். கூடவே கீரை, பருப்பு, முட்டை, பழம், வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுங்கள்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சீக்கிரமே நடக்க வைக்கிறார்கள். ஆனால் நடப்பது வேறு, கிரைண்டர் கல்லைத் தூக்குவது வேறு. ஆறு வாரத்துக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க விடாதீர்கள். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

காய்ச்சல், தையலில் சிவப்பு, வீக்கம் அல்லது சீழ், துர்நாற்றத்தோடு போக்கு, ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி, இதில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அவசரம் என்றால் 108 இருக்கிறது.

சம்பளத்துக்குப் போகிற பெண்ணுக்கு, சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. வீட்டிலிருப்பவளுக்கு யார் லீவு தருவது? அவளுக்கு ஆபீஸும் வீடுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலும் வீடுதான். அந்த லீவை வீட்டிலிருப்பவர்கள்தான் தர வேண்டும்.

கணவன்மார்களே, 'என்ன வேணும்?' என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தைத் துணியைத் துவையுங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள், ராத்திரி பால் குடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டுங்கள். மாமியார்களே, இதில் அவனைக் கேலி செய்யாதீர்கள். குழந்தை பார்க்கப் போகிற சகோதரிகளே, காபியை எதிர்பார்க்காமல், முடிந்தால் ஒரு தூக்கில் ரசம் சாதம் கொண்டு போங்கள்.

மொத்தம் 42 நாள்தானே கேட்கிறோம்? கொழுந்தனாருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை!

— ஒரு வாசகி, ராஜபாளையம்