ஏர்கன் வாங்கப் போகிறவர்களுக்கு வாத்தியாரின் நாலு வார்த்தை



இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், ஏர்கன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" கேட்டவர்களில் ஒருவர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். இன்னொருவர் பன்னிரண்டு வயது மகனுக்காகக் கேட்டார். மூன்றாவது என் தங்கை மகன், சென்னையில் வேலை பார்க்கிறான், ஊருக்கு வந்தால் பொழுதுபோக்குக்கு வேண்டுமாம். நான் ரிட்டையர் ஆன பிறகு வீட்டுப் பின்கட்டில் காகிதம் ஒட்டிச் சுட்டுப் பழகுகிறவன் என்பது தெரிந்துதான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் சக்தி குறைந்ததாக, தரம் கூடியதாக வாங்குங்கள். காகிதத்தையும் தகர டப்பாவையும் மட்டும் சுடுங்கள். குரங்கு, அணில், புறா என்று மனதில் ஏதாவது இருந்தால் அந்தப் பணத்தில் தோட்டத்துக்கு வேலி போடுங்கள்.

முதலில் சட்டம். ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் வாயில் 20 ஜூலுக்கு மேல் சக்தி உள்ளதும், 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டம் உள்ளதும் உரிமம் வேண்டிய ஆயுதங்கள். இரண்டுக்கும் உட்பட்டிருந்தால் உரிமம் தேவையில்லை. கடைக்காரர் '177' என்று சொல்வது இந்த 4.5 மி.மீ. அளவைத்தான். '22' என்று சொல்வது 5.5 மி.மீ. அதற்கு உரிமம் வேண்டும். "எல்லாரும் வாங்குறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அடையாள அட்டை நகல் கேட்டால் கொடுத்துவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது கேட்டால் அந்த ரசீதுதான் பேசும்.

துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. இந்த இடத்தில்தான் நம்ம ஊரில் பலர் குழம்பிப் போகிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. ஒரு விலங்கைக் கொன்றால் மட்டும்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். காயப்படுத்துவதும், கொல்ல முயற்சி செய்வதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். எந்தக் கருவியால் செய்தீர்கள் என்பது கணக்கில் இல்லை. கீழே தோப்புக்கு வரும் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. அதற்குத் தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை. மேலே மலை அணில், நாட்டுக் குரங்கு, காட்டுக்கோழி எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுபோவதே தனிக் குற்றம். நமக்குப் பக்கத்தில் மேகமலை இருக்கிறது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. சுற்றுலா போகும்போது ஜீப்பில் ஏர்கன்னைப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

தோட்டக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கூட்டம் குரங்கு இறங்கினால் சரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விடும். எலியும் அணிலும் தின்றது போக மிச்சம்தான் காய். வருஷம் பூராவும் உரம், மருந்து, கூலி என்று போட்டவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் சொல்கிறேன், ஏர்கன் அதற்குத் தீர்வு ஆகாது. இருபது மீட்டர் தூரத்தில் குரங்கின் உடம்பில் பட்ட ரவை பெரும்பாலும் அதைக் கொல்லாது. தோலுக்குள் ஏறி நின்றுகொள்ளும். புண் சீழ்ப் பிடித்து அது பல நாள் கிடந்து சாகும். மற்ற குரங்குகள் மறுநாளே வந்துவிடும். தகரம் தட்டுவது, நாய் வைப்பது, காய் முற்றும் நேரத்தில் ஆள் காவல் போடுவது ஆகியவற்றில் செலவு உண்டு, பலனும் ஓரளவு உண்டு. சேதம் அதிகம் என்றால் படத்தோடு வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள்.

வடகிழக்கில் அருணாசலப் பிரதேசம் இதில் ஒரு பாடம். அங்கே வீட்டுக்கு வீடு ஏர்கன் இருந்தது. பறவைகளைச் சுட்டுச் சுட்டு காடே அமைதியாகிவிட்டது. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தில் லும்துங் என்ற கிராமத்தில், ஏர்கன்களைத் தாங்களாக ஒப்படைக்கும் இயக்கத்தை அந்த மாநில அரசு தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓர் ஊர் இந்தப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் கடைசியில் அதைக் கையை விட்டுக் கொடுக்கும் நிலைதான் வரும். நம்ம பக்கம் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி எது வாங்குவது என்று பார்ப்போம்.

ஸ்பிரிங் துப்பாக்கியின் உள்ளே நடப்பது எளிய இயற்பியல். குழலை மடக்கும்போது ஒரு பிஸ்டன் பின்னால் போய் பெரிய ஸ்பிரிங்கைச் சுருக்குகிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ள, அது அடைத்த காற்று ரவையை உந்துகிறது. சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம். மடக்கினால் ஒன்று சுடலாம். இதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே ஏற்றது. இப்போது ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு அடைத்த பிஸ்டன் உள்ளதும் வருகிறது. அதிர்வு கொஞ்சம் மாறும், மற்றபடி பழக்கம் ஒன்றே.

கடைக்குப் போனால் முதலில் வேகத்தைத்தான் பேசுவார்கள். "ஆயிரம் அடி போகும், ஆயிரத்து இருநூறு அடி போகும்" என்பார்கள். நொடிக்கு இத்தனை அடி என்று அர்த்தம். அந்த எண் பெரும்பாலும் மிக லேசான ரவையை வைத்து அளந்தது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், அதாவது 1,100 அடிக்கு மேல். அதை நெருங்கினால் ரவை தள்ளாடும், குறி சிதறும், சத்தமும் சடாரென்று கேட்கும்.

என் வகுப்பில் படித்தவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். சாதாரண ரவை ஒன்றின் எடை 0.52 கிராம். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் எவ்வளவு? பாதி எடை, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். விடை 10.4 ஜூல். சட்டம் அனுமதிக்கும் 20 ஜூலில் ஏறத்தாழப் பாதி. பத்து மீட்டரில் காகிதம் சுட இதுவே அதிகம். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் பெரியவர்கள் வாங்கக்கூடியது 7.5 ஜூல் வரைதான். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்கு வரும் துப்பாக்கிகளும் ஏறத்தாழ அந்த அளவு சக்தி கொண்டவையே. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய போட்டி அதுதான். அந்தக் காகிதத்தில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதை அடிக்கத் தேவை நிதானம்.

சக்தி கூடக்கூட ஸ்பிரிங் கடினமாகும். மடக்கவே தோள் வலிக்கும். அதிரும். முப்பது ரவை சுடுவதற்குள் கை நடுங்கிவிடும். பிறகு எங்கே பழகுவது? கடையில் நீங்களே ஐந்து முறை மடக்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அது உங்களுக்கு ஆகாது. கட்டை தோளில் சரியாக உட்காருகிறதா, கன்னம் பதிகிறதா, விசை ஒரே மாதிரி இறங்குகிறதா, குழல் மூடும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். குழலுக்குள் வெளிச்சம் காட்டினால் சுழல் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். திருவிழாவில் பலூன் சுடும் கடைத் துப்பாக்கிகளில் பல வரிகள் தேய்ந்தவை. அதைப் போல ஒன்றைச் சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு "எனக்குக் குறி வரலை" என்று நொந்துகொள்ளாதீர்கள். நம் நாட்டிலேயே பிரிசிஹோல் போன்ற நிறுவனங்கள் நல்ல துப்பாக்கிகள் செய்கின்றன. வெளிநாட்டுப் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று மறக்காமல் கேளுங்கள்.

டெலஸ்கோப் உடனே வேண்டாம். முன்குறி, பின்குறி வைத்தே ஆறு மாதம் பழகுங்கள். பிறகு வாங்கினாலும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு என்றே செய்ததை வாங்குங்கள். இதன் அதிர்வு முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் வரும். மற்ற டெலஸ்கோப்புகள் அதைத் தாங்காமல் கெட்டுப்போகும்.

ரவை விஷயம். முனை தட்டையானது காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும், எண்ணிப் பார்க்க வசதி. பத்து மீட்டருக்கு இதுவே போதும். முனை உருண்டையானது இருபது, முப்பது மீட்டருக்கு நல்லது. கூர் முனை பார்க்கத்தான் அழகு. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ரவை பிடிக்கும். மூன்று நான்கு வகையில் சின்னச் சின்ன டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடருங்கள். இரும்புக் குண்டும் ஊசி போன்ற அம்பும் குழல் வரிகளைக் கெடுக்கும். இரும்புக் குண்டு கடினமானதில் பட்டால் திரும்பியும் வரும். ஒருமுறை சுட்டதை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். ரவை ஈயம். வாயில் கடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டவே வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பராமரிப்பில் மூன்றே விஷயம். ரவை இல்லாமல் விசையை அழுத்தாதீர்கள், பிஸ்டன் மோதி உடையும். மடக்கியபடியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் விடாதீர்கள். அழுத்தத்தில் அந்த எண்ணெய் பற்றி வெடிக்கும், உள் பாகங்கள் கெடும். மலையில் இருப்பவர்கள் பனி ஈரத்தால் துரு ஏறாமல் வெளிக்குழலை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். ரவை போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போடுங்கள். தவறி விசை விழுந்தால் குழல் சடாரென்று மூடி விரலை நசுக்கிவிடும்.

பிடிக்கும் முறையும் வித்தியாசம். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முன் கை உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா படுத்திருக்க வேண்டும். அது தன் போக்கில் அதிரட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்தால் ஒரே இடத்தில் விழும்.

எங்கே சுடுவது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பத்து மீட்டர் போவதற்குள் ரவை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கீழே இறங்கும். முப்பது மீட்டரில் 11 சென்டிமீட்டருக்கும் மேல். ஆனால் மேல்நோக்கிச் சுட்டால் முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். அதனால் பின்னால் தடுப்பு இல்லாமல் ஒரு ரவைகூடச் சுடாதீர்கள். மணல் நிரப்பிய பெட்டி, பழைய துணி திணித்த சாக்கு நல்லது. பாறை, கல்சுவர், தண்ணீர் ஆகாது, ரவை தெறிக்கும். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி போட வேண்டும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், அதைத் திருப்பி வாங்க எந்த மருத்துவமனையாலும் முடியாது.

ஏலக்காட்டுக்குள் சுடவே கூடாது. செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காய் இருக்கும் சரமோ தூரில், மண்ணை ஒட்டி. காய் எடுக்கும் பெண்கள் குனிந்தோ குந்தியோ செடிக்கு நடுவில் இருப்பார்கள். நாலு செடி தள்ளி நிற்பவருக்கு அவர்கள் இருப்பதே தெரியாது. விடியற்காலை போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறுகிற பெண்கள் அவர்கள். உங்களில் பல பேருடைய அம்மாக்களும் அப்படிப் போய்த்தான் உங்களைப் படிக்க வைத்தார்கள். இலை அசைந்தது, குரங்கு என்று நினைத்தேன் என்று யாரும் நாளைக்குச் சொல்லும்படி ஆகக்கூடாது.

மகனுக்காகக் கேட்டவருக்குத் தனியாக ஒன்று. பன்னிரண்டு வயதுப் பையன் சுடப் பழகலாம், பொறுமையும் மூச்சடக்கமும் வரும். ஆனால் துப்பாக்கி உங்களுடையது, அவனுடையது ஆகாது. பூட்டி வையுங்கள், சாவியும் ரவையும் வேறு இடத்தில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவன் கைக்கு வரட்டும். ஆர்வம் நிலைத்தால் மதுரை ரைபிள் கிளப் போன்ற முறையான இடத்தில் சேர்த்துவிடுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் ஒலிம்பிக் வரை போனார். நம்ம மலையடிவாரப் பிள்ளைகளுக்கும் அது எட்டாததில்லை.

"இவ்வளவு ஆபத்து என்றால் தடை செய்துவிடலாமே" என்று என் வயதுக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிவாள் வீட்டுக்கு வீடு இருக்கிறது, தேங்காய் வெட்டத்தான் எடுக்கிறோம். எதற்கு எடுக்கிறோம் என்பதைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் மட்டும் இது வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்கிய பிறகு, நீங்கள் சுட்ட காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மார்க் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
போடிநாயக்கனூர்.